ஆய்வுக் கருவியும் தொலைவிலுள்ள கையும்



குஜராத்தில் வாபி, அங்க்லேஷ்வர், தெலங்கானத்தில் ஐதராபாத், ஆந்திரத்தில் விசாகப்பட்டினம் என்று மருந்தும் சாயமும் உற்பத்தியாகும் ஊர் எதுவாயினும், அங்குள்ள பரிசோதனைக் கூடங்களில் வெள்ளை அங்கி அணிந்த தமிழர் இருவரேனும் இருப்பர். நாங்களும் அத்தகையோரே. நருமதைக்குத் தெற்கே ஒரு தொழிற்பேட்டையில் பல ஆண்டுகளாக மருந்துப் பொருள்களை நிறுத்தும் கரைத்தும் அளந்தும் வருகிறோம். எங்கள் கூடத்துக் கருவிகளைக் கணிப்பொறியோடு இணைத்ததும், பின்னர் அவற்றைத் தொலைவிலிருந்து காண வழி செய்ததும், அதனால் விளைந்த நன்மையும், விளைந்திருக்கக்கூடிய தீமையும் இன்று எங்கள் பேச்சுக்குப் பொருள்.

இதற்குத் தொடக்கம் ஒரு சிறு பிழை. எங்களோடு பணிபுரிந்த ஓர் இளைஞர், மதுரைப் பக்கத்துப் பிள்ளை, ஒருநாள் மாலை ஒரு மருந்துத் தூளை நிறுத்தார். தராசின் முகத்தில் தெரிந்தது 0.2036 கிராம். ஏட்டில் அவர் எழுதியது 0.2063. முப்பத்தாறு அறுபத்து மூன்றாயிற்று, அவ்வளவே. தூய்மை 99.6 விழுக்காடு என்று வரவேண்டிய விடை கணக்கில் 98.3 என்று வந்தது. அனுமதிக்கப்பட்ட கீழ் எல்லையோ 99. அந்தச் சரக்கு முழுவதும் வெளியே போகாமல் தடுத்து வைக்கப்பட்டது.

"சார், எடையை மாற்றி எழுதிவிட்டேன். தராசில் பார்த்தது முப்பத்தாறுதான்" என்றார் அவர்.

"நீ சொல்வதை நாங்கள் நம்புகிறோம், தம்பி. தணிக்கைக்கு வருகிறவர் எதைப் பார்த்து நம்புவார்?"

இக்கேள்விக்கு அவரிடம் விடையில்லை; எங்களிடமும் இல்லை. எடுத்த தூள் கரைசலாகிவிட்டது. தராசின் முகத்தில் தோன்றிய எண், தட்டைத் துடைத்த கணமே மறைந்துவிட்டது. தேறாத ஒரு விடையைப் பின்னால் திருத்தித் தேறியதாக்குவது எங்கள் தொழிலில் பெருங்குற்றம். பொய்யர் செய்வதும் வெளித்தோற்றத்துக்கு அதுவே. மெய்யர் செய்வதும் அதுவே. மூன்று வாரம் விசாரணை நடந்தது. புதிதாக மாதிரி எடுத்துச் சோதித்ததில் 99.6 வந்தது. ஆயினும் 'காரணம் மெய்ப்பிக்கப்படவில்லை' என்ற வாக்கியம் ஏட்டில் நிலைத்துவிட்டது. அடுத்த சம்பள உயர்வுக்குக் காத்திராமல் அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார்.

அவர் போன பிறகுதான் நாங்கள் அந்தத் தராசைத் திருப்பிப் பார்த்தோம். அதன் முதுகில் ஒன்பது ஊசிகள் கொண்ட ஒரு சிறு வாய், தூசி படிந்து, வாங்கிய நாள் முதல் ஒருவரும் தொடாதபடி இருந்தது. தான் கண்ட எடையைத் தானே சொல்ல அந்தத் தராசு அத்தனை ஆண்டுகளும் ஆயத்தமாகவே இருந்திருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை.

அந்த வாய்க்குச் சீரியல் போர்ட் என்று பெயர். தொலைக்காட்சித் தொடருக்கும் நம்மவர் சீரியல் என்றே பெயர் வைத்துவிட்டமையால், "சீரியல் வேலையாக நேரமாகிவிட்டது" என்று வீட்டில் சொல்லி நாங்கள் பட்ட ஏளனம் கொஞ்சமன்று. குறிகள் ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதனாலேயே இப்பெயர். எஸ் என்னும் ஆங்கில எழுத்தைத் தராசுக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். ஆஸ்கி என்னும் குறியீட்டில் அதற்குரிய எண் 83. பூச்சியமும் ஒன்றுமாக எழுதினால் அது 1010011. கடைசி இலக்கம் முதலில் புறப்படுமாதலால் கம்பியில் 1, 1, 0, 0, 1, 0, 1 என்ற வரிசையில் குறிகள் போகும். எட்டாவதாக ஒரு பூச்சியம். இவற்றுக்கு முன்னே 'இதோ தொடங்குகிறேன்' என்று அறிவிக்க ஒரு குறி, பின்னே 'முடிந்தது' என்று அறிவிக்க ஒரு குறி. ஆகப் பத்துக் குறிகள். நொடிக்கு 9600 குறிகள் என்னும் வேகத்தில் 960 எழுத்துகள் போய்ச் சேரும். ஓர் எடையைச் சொல்ல இருபது எழுத்து போதும்.

மூத்த நேயர்களுக்கு இது புதிதன்று. தந்தி ஆபீசில் தானே தட்டச்சடித்துக்கொண்டிருந்த டெலிபிரிண்டரும் இதே தொடக்கக் குறி, முடிவுக் குறி முறையில்தான் இயங்கியது. 2013 ஜூலையில் நம் நாட்டில் தந்திச் சேவை நின்றுவிட்டது. அதன் வழிவந்த பேச்சுமுறை மட்டும் ஆய்வுக் கருவிகளின் முதுகில் இன்றளவும் உயிரோடிருக்கிறது. வேகத்தைக் குறிக்கும் பாட் என்ற சொல்லே பிரெஞ்சு நாட்டுத் தந்திப் பொறியாளர் எமில் போதோவின் பெயரிலிருந்து வந்ததுதான்.

1960-ஆம் ஆண்டில் அமெரிக்க மின்னணுத் தொழிற்சங்கத்தார் ஆர்.எஸ். 232 என்னும் தர விதியை வெளியிட்டனர். டெலிபிரிண்டரையும் தொலைபேசிக் கம்பியில் செய்தி அனுப்பும் மோடத்தையும் இணைப்பதே அதன் நோக்கம். அந்த விதியில் எத்தனை வோல்ட் என்று உண்டு. எந்தக் கம்பி எதற்கு என்று உண்டு. 1969இல் வந்த திருத்தத்தில் கம்பியின் நீளம் ஐம்பதடியைத் தாண்டவேண்டாம் என்ற அறிவுரையும் உண்டு. 'நீ யார்?' என்று கேட்கும் வழி மட்டும் அதில் இல்லை. மறுமுனையில் இருப்பவர் எவரோ அவரே எஜமானர். அவர் இட்ட கட்டளையைக் கருவி செய்யும். இதைக் குறையென்று சொல்வதற்கில்லை. ஐம்பதடிக் கம்பியின் மறுமுனையில் நிற்பவர் அதே அறையில் நிற்பவரன்றோ? கருவியும் அவர் கண்முன், அவரும் கருவியின் முன். இதனை நேயர்கள் சற்று நினைவில் வைத்திருக்குமாறு வேண்டுகிறோம். பின்னால் இதற்குத் திரும்பி வருவோம்.

தராசையும் கணிப்பொறியையும் இணைக்க மூன்று கம்பி போதும். அந்த மூன்றுக்கு நாங்கள் ஒரு வாரம் செலவிட்டோம். கணிப்பொறியின் ஒன்பது ஊசி வாயில் இரண்டாம் ஊசி கேட்பது, மூன்றாம் ஊசி பேசுவது, ஐந்தாவது பொதுத் தரை. இருபுறமும் பேசும் ஊசியையே ஒன்றோடொன்று கட்டிவிட்டால் இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள், கேட்பவர் இருக்க மாட்டார். எங்களுக்கு வாய்த்த கேபிள் அத்தகையது. இரண்டையும் மூன்றையும் குறுக்காக மாற்றிக் கட்டிய உடனே திரையில் எடை வந்தது.

மற்றொரு பழைய தராசில் நிலைமை விசித்திரமாக இருந்தது. அதிலிருந்து வந்த எண்களில் 1, 2, 4, 7, 8 ஆகியவை ஒழுங்காக வந்தன. 0, 3, 5, 6, 9 வரவேண்டிய இடங்களில் மட்டும் பொருளற்ற குறிகள் வந்தன. கம்பி பழுது என்றார் ஒருவர். தராசு பழுது என்றார் மற்றொருவர். உண்மையில் இரண்டும் பழுதில்லை. அத்தராசு ஏழு குறிகளை எண்ணுக்கும், எட்டாவதைச் சரிபார்ப்புக்கும் பயன்படுத்தி வந்தது. எழுத்திலுள்ள ஒன்றுகளின் தொகை எப்போதும் ஒற்றைப்படையாக இருக்கும்படி எட்டாவது குறியை அது தானே சேர்க்கும். எங்கள் கணிப்பொறியோ எட்டையும் எண்ணாகவே படித்தது. இயல்பாகவே ஒற்றைப்படையில் ஒன்றுகள் கொண்ட இலக்கங்கள் பிழைத்தன, மற்றவை சிதைந்தன. பாதி ஒழுங்காகவும் பாதி குழப்பமாகவும் வந்தால் கம்பியைக் குறை கூறாமல் முதலில் இந்த அமைப்பைப் பாருங்கள் என்று இதே வேலையில் இறங்கும் நண்பர்களுக்குச் சொல்வோம்.

இக்காலக் கணிப்பொறிகள் பலவற்றில் ஒன்பது ஊசி வாயே கிடையாது. யு.எஸ்.பி. வாயில் செருகும் ஒரு மாற்றியை வாங்கவேண்டும். ஓரிரவு கூட்டிப் பெருக்க வந்தவர் அதனைக் கழற்றி, நல்லெண்ணத்தோடு பக்கத்துத் துளையில் செருகிவிட்டார். காலையில் கணிப்பொறி அதற்குப் புதிய எண் கொடுத்திருந்தது. மென்பொருளோ பழைய எண்ணுள்ள வாயிலில் காதை வைத்துக்கொண்டு காத்திருந்தது. அன்று முதல் அத்துளைக்குச் சிவப்பு வண்ணம் பூசியிருக்கிறோம்.

இனி எங்களை வெட்கமுறச் செய்த ஒரு செய்தி. எங்கள் தராசுக்கு எஸ் என்று ஓர் எழுத்து அனுப்பினால், தட்டு அசைவற்று நிலைக்கும் வரை காத்திருந்து எடையைச் சொல்லும். எஸ், ஐ என்று இரண்டு எழுத்து அனுப்பினால், அந்தக் கணத்தில் எது தோன்றுகிறதோ அதைச் சொல்லும். நிலைத்த எடையாயின் விடையில் எஸ் என்றும், இன்னும் அசைந்துகொண்டிருப்பதாயின் டி என்றும் ஓரெழுத்தைச் சேர்த்தே சொல்லும். அவசரத்தில் நாங்கள் இரண்டாம் கட்டளையைப் பயன்படுத்தினோம். எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு அவ்வோரெழுத்தை எறிந்துவிட்டோம். மின்விசிறிக் காற்றில் ஆடிய எடைகளெல்லாம் ஒரு வாரம் கணிப்பொறியில் மெய்யான எடைகளாக ஏறின. கையால் எழுதியவரேனும் எண் நிற்கும்வரை பார்த்து எழுதியிருப்பார். அதன் பிறகு, தராசு அனுப்பும் வரியை ஒரு குறியும் விடாமல் அப்படியே முதலில் பதிந்து, கணக்குக்கு வேண்டியதைப் பின்னர் அதிலிருந்து எடுப்பதென்று முடிவு செய்தோம். ஒவ்வொரு வரியோடும் நேரமும் பதிவாகும். வானொலிச் செய்தி கேட்டுக் கடிகாரத்தைத் திருத்திய வீடுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள். இப்போது கணிப்பொறிகள் புது டில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் நேரத்தை வலைப்பின்னல் வழியே கேட்டுத் தாமே திருத்திக்கொள்கின்றன.

தராசு ஒருவகையில் சாது. தொலைவிலிருந்து எவர் தவறான கட்டளை இட்டாலும், எடை பிழைபடலாமே யன்றி உயிருக்குக் கேடு வராது. ஜி.சி. என்று நாங்கள் சுருக்கமாக வழங்கும் வாயு குரோமட்டோகிராப் அப்படியன்று. மருந்தில் தங்கிவிட்ட கரைப்பான்களைப் பிரித்தளக்கும் கருவி அது. உள்ளே ஓர் அடுப்பு. அடுப்பினுள் சுருண்ட மெல்லிய குழாய். குழாயின் முடிவில் ஹைட்ரஜனில் எரியும் ஒரு சிறு சுடர். மேலே ஓர் ஊசி தானே இறங்கி மாதிரிகளை உறிஞ்சிச் செலுத்தும். இரவு முழுவதும் நாற்பது ஐம்பது மாதிரிகள் ஓடும். அதன் அருகில் ஒருவர் விடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டிய நிலை இருந்தது.

ஆகவே அதனையும் வலைப்பின்னலில் இணைத்தோம். ஒருபுறம் சீரியல் வாயும் மறுபுறம் ஈதர்நெட் வாயும் கொண்ட சிறு பெட்டிகள் கடையில் கிடைக்கின்றன. இடையில் வைத்துவிட்டால் ஐம்பதடி ஐந்நூறு மைலாகிவிடும். வீட்டிலிருந்தபடியே திரையில் கோடு ஏறியிறங்குவதைக் காணலாம். பொங்கலுக்கு ஊர் செல்லும் நண்பர் நவஜீவன் எக்ஸ்பிரஸில் மேல் தட்டில் படுத்துக்கொண்டே அடுப்பின் வெப்பம் இத்தனை பாகை என்று சொன்னபோது எங்களுக்கு உண்டான மகிழ்ச்சி சிறிதன்று. தாய் தந்தையர் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்க, பண்டிகைக்கு ஒருவர் போனால் ஒருவர் தங்கவேண்டிய வாழ்க்கை நம்முடையது. அதன் அருமை நம்மவர்க்குத் தெரியும்.

அந்த மகிழ்ச்சி நான்கு மாதம் நீடித்தது. ஒருநாள் கருவியில் ஒரு கோளாறு. கருவியைப் பராமரிக்கும் பொறியாளர் வேறு நகரத்திலிருந்து எங்கள் திரையைத் தம் திரையில் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே எங்கள் நண்பர் ஒருவர் மூடியைத் திறந்து ஊசியை மாற்றிக்கொண்டிருந்தார். அங்கே அவர், எல்லாம் சரியாகிவிட்டதென்று எண்ணி, 'தொடங்கு' என்ற பொத்தானை அழுத்தினார். ஊசி இறங்கியது. கையுறையைத் துளைத்து விரல் நுனியில் பாய்ந்தது. காயம் சிறியதுதான், ஊசியில் கரைப்பான் இருந்ததால் மருத்துவமனைக்கு ஓடவேண்டியதாயிற்று. அந்தப் பொறியாளர் பலமுறை வருந்தினார். அவரைக் குறை கூறுவதில் பொருளில்லை. அவர் இட்டது முறையான கட்டளை. கருவி கீழ்ப்படிந்ததும் முறையே. கையொன்று அங்கிருந்ததை இருவருள் ஒருவரும் அறியார்.

இப்போது 1960-ஆம் ஆண்டு விதிக்குத் திரும்பி வருவோம். மறுமுனையில் இருப்பவர் அதே அறையில் இருக்கிறார், கருவியைக் கண்ணால் காண்கிறார் என்பது அந்த விதியில் எழுதப்படாத ஒரு நம்பிக்கை. கம்பியை நீட்டிய நாங்கள் அந்த நம்பிக்கையை அறுத்துவிட்டோம். அதற்கு ஈடாக எதையும் வைக்கவில்லை. கடையில் வாங்கிய அப்பெட்டியோ, தன் வாயிலைத் தட்டுகிறவர் எவராயினும் அவர் சொல்வதைக் கருவிக்குச் சொல்லிவிடும்படி அமைந்திருந்தது. எங்கள் கூடத்தின் வலைப்பின்னலில் நுழைந்த எவரும் அடுப்பை ஏற்றலாம், ஊசியை இறக்கலாம். 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்னும் நச்சு நிரல் பிரிட்டனின் பொது மருத்துவமனைகளிலும் புகுந்து அவற்றின் வேலையை நிறுத்தியது. ஆய்வுக் கருவிகளின் அருகிலுள்ள கணிப்பொறிகளில் மென்பொருளை மாற்ற அஞ்சிப் பழைய விண்டோஸையே வைத்திருப்பது எங்கள் தொழிலில் வழக்கம் என்பதை எண்ணியபோது எங்களுக்கு உறக்கம் வரவில்லை.

பெட்டியைக் கழற்றிவிடலாம் என்றார் எங்கள் மேலாளர். ஊசி குத்திய நண்பரே அதற்கு இணங்கவில்லை. "பார்த்ததனால் எனக்குக் காயம் உண்டாகவில்லையே, அண்ணா, அழுத்தியதனால் அல்லவா உண்டாயிற்று?" என்றார். அவர் சொன்ன பிரிவினையே எங்களுக்கு வழிகாட்டியது.

எடையைத் தானே தொடர்ந்து சொல்லும் தராசுகளில் பேசும் கம்பி ஒன்றையும் தரைக் கம்பியையும் மட்டும் விட்டு, கட்டளை செல்லும் மூன்றாவது கம்பியை வெட்டிவிட்டோம். வெட்டிய கம்பியில் கட்டளை அனுப்ப எவராலும் இயலாது. இதைவிட மலிவான காவல் எங்களுக்குத் தெரியாது. ஜி.சி.யில் இது செல்லாது. கேட்டால்தான் அது விடை சொல்லும். ஆகவே உள்ளங்கையளவு சிறு கணிப்பொறி ஒன்றை அதன் பக்கத்தில் வைத்தோம். அடுப்பின் வெப்பம் என்ன, சுடர் எரிகிறதா, எத்தனையாவது மாதிரி என்பன போன்ற கேள்விகளை அது தாராளமாக உள்ளே விடும். 'தொடங்கு', 'ஏற்று', 'பற்றவை' என்னும் கட்டளைகளை, கருவியின் பக்கத்துச் சுவரில் உள்ள பூட்டில் சாவி திரும்பியிருந்தாலன்றி விடாது. சாவியைத் திருப்புகிறவர் அங்கே நின்றுதானே திருப்பவேண்டும்? வெளியிலிருந்து வருகிறவர்க்கு வி.பி.என். என்னும் மறைவழி ஒன்றே வாயில். ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனித் திறவுகோல். பராமரிப்புப் பொறியாளர் வரவேண்டுமாயின் நாங்கள் திறந்துவிடுவோம். வேலை முடிந்ததும் மூடிவிடுவோம். அவருக்கு இது தொல்லையே. வெளிப்படையாகவே சலித்துக்கொள்வார்.

சென்ற குளிர்காலத்தில் இது சோதனைக்கு வந்தது. எங்களுள் ஒருவர் தந்தையாரின் திதிக்காகப் பாளையங்கோட்டைக்குப் போயிருந்தார். இரவு இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு அவருடைய தொலைபேசி ஒலித்தது: சுடர் அணைந்துவிட்டது, கோடு தரையில் படுத்துவிட்டது. முப்பது மாதிரிகள் மீதி. விடிந்தால் சரக்கு கப்பலுக்குப் போகவேண்டும். பழைய ஏற்பாடாயின் படுக்கையிலிருந்தே 'பற்றவை' என்று அழுத்தியிருப்பேன் என்று அவரே பிற்பாடு சொன்னார். இப்போது அழுத்தியும் பயனில்லை. சாவி சுவரில் திரும்பாமல் இருக்கிறது. ஆகவே இரவுப் பணியில் இருந்த முதியவரை அழைத்தார். பரூச்சைச் சேர்ந்தவர், எல்லோருக்கும் அவர் காகா.

"காகா, ஜி.சி. அணைந்துவிட்டது. முதலில் ஹைட்ரஜன் சிலிண்டரை மூடிவிடுங்கள். பிறகு அடுப்பின் சூட்டை அணையுங்கள். ஆறும்வரை அடுப்புக் கதவைத் திறக்கவேண்டாம்."

காகா அவ்வாறே செய்தார். அடுப்பு ஆறிய பின் திறந்து பார்த்ததில், சுடருக்குக் கீழே குழாயைப் பிடித்திருக்கும் திருகு, பலமுறை சூடேறிக் குளிர்ந்ததில் தளர்ந்திருந்தது. சுடருக்குப் போகவேண்டிய ஹைட்ரஜன், நிமிடத்துக்கு முப்பது நாற்பது மில்லிலிட்டர் அளவில், அடுப்பினுள் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். எழுபத்தைந்து பங்கு வரை அந்த அபாயம் நீங்காது. எவ்வளவு சேர்ந்திருந்தது என்பதை எங்களால் கணக்கிட இயலவில்லை. கணக்கிட முயல்வதையும் இரண்டொரு நாளில் விட்டுவிட்டோம். கப்பல் ஒரு நாள் தாமதமாயிற்று.

அதன் பிறகு ஒரே ஒரு மாற்றம் செய்தோம். அடுப்பின் சூட்டைத் தணிக்கும் கட்டளை ஒன்றை மட்டும் சாவியின்றித் தொலைவிலிருந்தே இடலாம் என்று அனுமதித்திருக்கிறோம். இதுவும் கூடாது, இரவு ஓட்டம் வீணாகும் என்று எங்களுக்குள் இன்னும் ஒருவர் வாதாடிக்கொண்டிருக்கிறார். சிலிண்டரின் வால்வு கையால் திருகுவதாகவே இருக்கட்டும் என்பதில் மட்டும் கருத்து வேற்றுமை இல்லை.

கூடத்தின் மூலையில் ஈரப்பதம் அளக்கும் கருவியொன்று எஞ்சியிருக்கிறது. விடையை வெப்பத்தால் கறுக்கும் காகிதச் சுருளில் அச்சிடுவது அது. ஓராண்டில் எழுத்து மங்கிவிடுமாதலால், ஒவ்வொரு துண்டையும் அன்றன்றே நகலெடுத்து ஏட்டில் ஒட்டி வருகிறோம். அதன் முதுகிலும் ஒன்பது ஊசி வாய் உண்டு. மழைக்காலம் கழிந்ததும் அதைத் திறந்து பார்க்க எண்ணியிருக்கிறோம்.